கேளுங்கள், சொல்கிறேன்: துரை கொடுத்த கத்தியும் காணாமல் போன உறையும்

தோட்டத்துப் பழைய சாமான்களைப் பற்றிப் போன முறை எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி கத்திக் கடிதங்கள். பாராங், பால்வெட்டுக் கத்தி, பாளை சீவும் கத்தி எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்க முடியாது. அதனால் இந்த முறை, வெளியூரில் செய்து இங்கே வந்து தங்கிவிட்ட மடிக்காத கத்திகள் மட்டும்.

கேள்வி (பட்டர்வொர்த் வாசகர்): என் தாத்தா செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். துரை சீமைக்குத் திரும்பியபோது கொடுத்துவிட்டுப் போன கத்தி ஒன்று தகரப் பெட்டியில் துணி சுற்றிக் கிடந்தது. அலகு ஆறு அங்குலம். பிடி மான்கொம்பு மாதிரி சொரசொரப்பு. அலகில் ஒரு நட்சத்திரம், ஒரு சிலுவை, பாதி அழிந்த ‘...ட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ்’, அதற்குக் கீழே ‘ஷெஃபீல்ட், இங்கிலாந்து’. மறுபக்கம் ஒரு கிரீடம், அதன் இருபுறமும் ‘ஜி’, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துகள். உறை இல்லை. எந்தக் காலத்துக் கத்தி? பளபளவென்று தேய்த்து வைக்கலாமா? உறை எங்கே கிடைக்கும்?

பதில்: தேய்க்காதீர்கள் ஐயா. மற்றதெல்லாம் அப்புறம். பட்டறையில் கொடுத்துச் சக்கரத்தில் பிடித்தால் சில நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கூடவே நட்சத்திரமும் சிலுவையும் போய்விடும், அதன் பிறகு அது யாருடைய கத்தி என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. இப்போது பாதி எழுத்தாவது மிச்சம் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள்.

நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் சேர்ந்து வந்தால் அது ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் முத்திரை. 1682-இல் பதிவான குறி அது. நார்ஃபோக் தெரு, 6-ஆம் எண் என்ற விலாசத்தையே பல கத்திகளில் அடித்திருப்பார்கள், உங்கள் கத்தியில் அழிந்துபோன வரியில் அது இருந்திருக்கலாம், சாய்வாக வெளிச்சம் விழும்படி ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள். 1822-இல் அரச குடும்பத்துக்குக் கத்தி செய்யும் உரிமை பெற்றார்கள். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு, 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட ஒரே மடக்குக் கத்தியைச் செய்து வைத்தவர்களும் இவர்கள்தான் (அதை யார், எங்கே, எதற்காகப் பயன்படுத்துவது என்று கேட்காதீர்கள், காட்டுவதற்காகச் செய்தது). இப்படிப் பேர் எடுத்ததால் அதே ஊரில் ராட்ஜர்ஸ் என்ற பெயரில் வேறு கத்திகளும் வந்தன. வில்லியம் ராட்ஜர்ஸ் என்ற பெயரும், ‘ஐ கட் மை வே’ என்ற வாசகமும் இருந்தால் அது வேறு கம்பெனி. மோசமான கத்தி என்று அர்த்தமில்லை, ஆனால் இது அது இல்லை. எனவே பெயரைவிடக் குறிதான் முக்கியம், உங்களுக்கு அந்தக் குறி தப்பித்திருக்கிறது.

இனி காலம். ‘ஜி’, கிரீடம், ‘ஆர்’ என்றால் ஜார்ஜ் என்ற பெயர் கொண்ட அரசரின் அடையாளம். அந்தப் பெயரில் பல அரசர்கள் இருந்தார்களே, யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் ‘இங்கிலாந்து’ என்ற அந்த ஒரு சொல் உதவுகிறது. அமெரிக்காவில் 1890-இல் வந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சொன்னது. 1891 முதல் ஷெஃபீல்டுக்காரர்கள் ஏற்றுமதிக் கத்திகளில் ‘இங்கிலாந்து’ என்று சேர்த்து அடிக்க ஆரம்பித்தார்கள். ஆக 1820-களில் ஆண்ட நான்காம் ஜார்ஜை விட்டுவிடலாம். மீதி ஐந்தாம் ஜார்ஜ், 1910 முதல் 1936 வரை. ஆறாம் ஜார்ஜ், 1936 முதல் 1952 வரை. நடுவில் 1936-இலேயே சில மாதங்கள் இருந்துவிட்டுப் போன எட்வர்டை மறந்துவிடுங்கள். அரசர் மாறிய அன்றே பட்டறையில் அச்சை மாற்றியிருப்பார்கள் என்று நம்ப வேண்டாம், முன்பின் கொஞ்சம் இருக்கும். துரை எந்த வருடம் ஊருக்குப் போனார் என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொன்னால், ஜப்பான்காரன் வருவதற்கு முன்பா, அவசரகாலத்திலா, சுதந்திரத்துக்குப் பிறகா என்ற அளவுக்குச் சொன்னால்கூட, இன்னும் நெருங்கலாம்.

பிடி நிஜமான மான்கொம்பா? பிடியின் அடிமுனை வெட்டுப்பட்ட இடத்தைப் பாருங்கள். நிஜக் கொம்பு என்றால் நடுவில் பஞ்சு மாதிரி சின்னச் சின்னத் துளைகள் தெரியும், ஓரம் மட்டும் கெட்டியாக இருக்கும். இரண்டு பக்கமும் மேடு பள்ளம் ஒரே மாதிரி இருந்தால் அது அச்சில் வார்த்தது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம். அந்தக் காலத்தில் ஷெஃபீல்டுக்குக் கடமான் கொம்பு இந்தியாவிலிருந்து கப்பலில் போனது, கத்தியாகிக் கிழக்கே திரும்பி வந்தது.

அலகு என்ன இரும்பு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பராமரிப்பே அதில்தான் இருக்கிறது. காந்தம் வைத்துப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அதில் ஒன்றும் தெரியாது, கத்திக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகும் காந்தத்தில் ஒட்டும். நிறத்தைப் பாருங்கள். மாங்காய் நறுக்கி நறுக்கிக் கறுத்துப்போன பழைய அரிவாள்மணை மாதிரி சாம்பலும் கறுப்புமாக இருந்தால் சாதாரணக் கரிம எஃகு. ஹாரி பிரியர்லி என்பவர் அதே ஷெஃபீல்டில் துருப்பிடிக்காத எஃகைச் செய்து பார்த்ததே 1913-இல்தான், அதன் பிறகும் வேட்டைக் கத்திகளுக்குப் பலர் பழைய எஃகையே விரும்பினார்கள்.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, அதுதான் அலகுக்குப் பாதுகாப்பு, இருக்கட்டும். செம்பழுப்பாக, விரல் வைத்தால் பொடியாக ஒட்டுகிறதே, அதுதான் துரு. தையல் மெஷின் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விட்டு, காலையில் பழைய பனியன் துணியால் துடையுங்கள். கட்டியாக நிற்கும் இடத்தில் பித்தளைத் துண்டின் விளிம்பால் மெல்லச் சுரண்டலாம், பித்தளை எஃகைவிட மென்மையானது, கீறல் விழாது. முத்திரை இருக்கும் இடத்தில் துணியைத் தவிர எதையும் கொண்டுபோகாதீர்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம், நாளானால் பிசுக்காகி அதில் தூசி உட்கார்ந்துகொள்ளும்.

சரி, உறை. இந்த மாதிரிக் கத்திக்கு ஆதியில் வந்தது தோல் உறை. அதே காலத்து ராட்ஜர்ஸ் உறையைத் தேடி அலையாதீர்கள் என்பேன். கத்தியோடு சேர்ந்தே கைமாறும் பொருள் அது, தனியாக வந்தாலும் உங்கள் அலகுக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆசைக்கு ஒரு தடவை ஜார்ஜ்டவுனில் லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையில் போய்ப் பாருங்கள், கோலாலம்பூர்ப் பக்கம் போனால் பெட்டாலிங் ஜெயாவில் அம்கார்ப் மாலில் வார இறுதியில் பழைய சாமான் கடை போடுகிறார்கள், அங்கேயும் பார்க்கலாம். போகும்போது கத்தியைக் கொண்டுபோக வேண்டாம், காரணம் கடைசிக் கேள்வியில் வருகிறது. அட்டையில் கத்தியைப் படுக்க வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொண்டு போங்கள். முதுகின் கனத்தையும் பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் பித்தளைக் குறுக்குத் தகட்டின் அகலத்தையும் அட்டையிலேயே எழுதி வையுங்கள். அட்டை உள்ளே போய்விட்டது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள், அட்டைக்குக் கனம் கிடையாது, கத்திக்கு உண்டு.

தைத்துக்கொள்வதுதான் சரியான வழி. அதற்குக் கத்தி உறை செய்கிறவர்தான் வேண்டும் என்பதில்லை, கையால் இடைவாரும் பையும் தைக்கிற எந்தத் தோல்காரரும் செய்யலாம், என்ன கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். முதலில் தோல். கைப்பைக்குப் போடும் மெத்தென்ற தோல் வேண்டாம். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், நடுவில் நீலச் சாம்பல் கோடு ஓடினால் அது குரோமியத்தில் பதனிட்டது. ஓரம் முழுக்க ஒரே பழுப்பாக இருந்தால் மரப்பட்டையில் பதனிட்டது, அது விறைப்பாக நிற்கும், நனைத்தால் சொன்ன வடிவத்துக்கு வரும். நம் ஊர்ப் பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் மெட்ராஸிலிருந்து லண்டனுக்கே போனது, அந்த ரகம். கனம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இரண்டாவது, இதை மட்டும் மறக்காமல் கேளுங்கள். தோலை மடித்து ஓரத்தைத் தைத்தால் கத்தியின் வாய் நேராகத் தையல் நூலின் மேல்தான் உட்காரும். நாலு தடவை உருவிச் செருகினால் நூல் அறுந்துவிடும், அடுத்து அறுபடுவது உங்கள் தொடை. அதனால் இரண்டு தோலுக்கும் நடுவே, வாய்ப்பக்கம் நெடுக, இன்னொரு தோல் பட்டையை வைத்து மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அலகு அந்தப் பட்டையில்தான் போய் முட்டும், நூல் அதற்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். பட்டையின் கனம் கத்தி முதுகின் கனத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தால் உறை புடைக்காது. நூல் மெழுகு போட்டதாக, இரண்டு ஊசியால் இரு பக்கமிருந்தும் தைத்ததாக இருக்கட்டும். மெஷின் தையலில் ஒரு இடத்தில் அறுந்தால் கடகடவென்று பிரியும், கைத்தையல் அங்கேயே நிற்கும்.

தைத்து முடித்ததும் தோலை நனைத்து, கத்தியைச் சமையலறைப் பிளாஸ்டிக் தாளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி உள்ளே செருகி, விரலால் அழுத்தி அழுத்தி வடிவம் எடுப்பார்கள். அப்புறம் கத்தியை எடுத்துவிட்டு உறையை நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். பினாங்கு ஈரத்தில் இதற்கு அவசரப்படக் கூடாது, மேலே காய்ந்தது போல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். பிடியைச் சுற்றி வார் போட்டு அழுத்துப் பொத்தான் வைப்பதானால், பொத்தானின் பின்பக்க உலோகம் அலகில் உரசாத இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். நுனியில் சின்னத் துளை ஒன்று இருந்தால் உள்ளே தண்ணீர் தங்காது. இடது கைக்காரர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சூடாக்கி வளைக்கும் கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறையை யாராவது சிபாரிசு செய்வார்கள். காட்டு வேலைக்குப் போகும் புதுக் கத்திக்கு நல்லதுதான், நனையாது. ஆனால் ஒரு மணல் துகள் உள்ளே மாட்டினாலும் ஒவ்வொரு முறை உருவும்போதும் அலகில் கோடு போடும். தாத்தா கத்திக்கு வேண்டாம்.

இவ்வளவும் செய்து உறை வந்த பிறகு, கத்தியை அதில் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள்! தோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலம் கொஞ்சம் அதில் இருக்கும், இரண்டும் சேர்ந்து அலகில் புள்ளி புள்ளியாகத் துருவேற்றும். பித்தளையில் பச்சையாக மெழுகு மாதிரிக் கட்டுவதும் தோலால்தான், பல் குத்தும் குச்சியால் எடுத்துவிடலாம். கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பக்கம், உறையை இன்னொரு பக்கம் வையுங்கள். யாராவது பார்க்க வந்தால் இரண்டையும் சேர்த்துக் காட்டிக்கொள்ளலாம்.

கேள்வி (செந்தூல் வாசகி): அறுபதுகளின் கடைசியில் அப்பா பினாங்கில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தார். வியட்நாமிலிருந்து விடுமுறைக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய் கொடுத்ததாகச் சொல்லும் கத்தி இருக்கிறது. பிடி முழுக்கத் தோல் வளையங்கள், முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் அறுகோணமாக இரும்பு. அதில் ‘கமிலஸ், என்.ஒய்., 7-1967’ என்று இருக்கிறது. உறை தொட்டால் செம்பொடியாக உதிர்கிறது. நிஜமா, கதையா?

பதில்: அம்மா, அப்பா சொன்னதை நம்பலாம். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வுக்கு வந்த ஊர்களில் பினாங்கும் ஒன்று, கோலாலம்பூரும் ஒன்று. உங்களிடம் இருப்பது விமானிகளுக்குக் கொடுத்த உயிர்காக்கும் கத்தி, நியூயார்க் மாநிலத்துக் கமிலஸ் கம்பெனி செய்தது. பட்டர்வொர்த்துக்காரர் போல் அரசர்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, 7-1967 என்றால் 1967 ஜூலை, அவ்வளவுதான். முதுகிலுள்ள பல் மரம் அறுக்க அல்ல, விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டை அறுத்து வெளியே வர. அறுகோண அடி சுத்தியலுக்குப் பதிலாக. குறுக்குத் தகட்டில் இரண்டு துளை இருக்கிறதா பாருங்கள், கம்பில் வைத்துக் கட்டி ஈட்டியாக்கிக்கொள்ள அது.

உங்கள் வேலை எளிது. முதலில் வந்தவற்றில் அலகு ஆறு அங்குலம், பிறகு ஐந்தாகக் குறைத்தார்கள், 1967 என்றால் ஐந்துதான் இருக்கும், எதற்கும் அளந்துவிடுங்கள். கமிலஸ் 2007-இல் மூடிவிட்டது. ஆனால் ஒன்டாரியோ கம்பெனி அதே கத்தியை 499 என்ற எண்ணில் செய்துவந்தது. இணையத்தில் வாங்கும்போது 499-க்கான உறை என்று தேடுங்கள், முன்பக்கம் சாணைக்கல் வைக்கச் சின்னப் பையும் நுனியில் உலோகத் தகடும் உள்ளதுதான் சரியான உருவம்.

பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செம்பொடியாக உதிரும் தோலுக்கு மீட்சி கிடையாது, எண்ணெய் ஊற்றினால் கறுத்துக் கூழாகும், ஆனால் கத்தியோடு பிறந்தது அதுதான். காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள், கல் அதன் பையிலேயே இருந்தால் இருக்கட்டும். பிடியின் தோல் வளையங்கள் காய்ந்து சுருங்கி இடைவெளி விட்டிருக்கும், மெழுகு லேசாகத் தடவினால் போதும். எண்ணெயில் ஊறப்போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம் வாசகர்): சந்தையில் ஒரு பழைய வேட்டைக் கத்தி வாங்கினேன். கொம்புப் பிடி, பித்தளைத் தகடு, பெரிய உறையும் உண்டு. கம்பெனிப் பெயர் இல்லை, பிடிக்குப் பக்கத்தில் சின்னதாகப் ‘பாகிஸ்தான்’ என்று மட்டும் இருக்கிறது. விக்டோரியா ராணி காலத்தது என்று விற்றவர் சொன்னார்.

பதில்: தம்பி, ராணி இறந்தது 1901. பாகிஸ்தான் பிறந்தது 1947. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கத்தி வெட்டுகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை.

நாட்டுப் பெயரை நம்பிக் காலம் சொல்வது பழைய கத்தியில் மிக எளிய வழி. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். ‘ஆக்கிரமிப்பில் உள்ள ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் போர் முடிந்ததிலிருந்து 1952 வரை. ‘சோலிங்கன்’ என்பது கம்பெனிப் பெயர் அல்ல, ஜெர்மனியில் ஓர் ஊர், அந்த ஊர்ப் பெயரை யார் அடிக்கலாம் என்பதற்கு 1938-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் ராணுவச் சொத்தாக இருந்தால் மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி ஒன்று எங்காவது இருக்கும், அலகில் இல்லாவிட்டால் உறையில் தேடுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ் வாசகர்): பழைய கத்தி ஒன்றுக்கு அழகாக உறை தைத்து வாங்கிவிட்டேன். இடுப்பில் மாட்டிக்கொண்டு பினாங்குக் கொடிமலை ஏறலாமா? காரில் வைத்திருந்தால் தப்பா?

பதில்: மாட்டாதீர்கள். 1958-ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படியான அனுமதியோ நியாயமான வேலையோ இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் அதன் 6(1) பிரிவில் வழக்கு வரும். தண்டனை குறைந்தது 5 ஆண்டு, கூடினால் 10 ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு. தாத்தா கத்தி, பழம்பொருள், மலையில் ஆரஞ்சு உரிக்க எடுத்து வந்தேன் என்றெல்லாம் ரோட்டில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டி வரும், அதுவும் கார் இருக்கைக்கு அடியில் கிடந்து அகப்பட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

தோல்காரரிடம் அளவு கொடுக்க எடுத்துப் போவது வேறு, அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அப்போதும் கத்தியைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துக் கட்டி, காரின் பின்பெட்டியில் போட்டு, நேராகக் கடைக்குப் போய் நேராக வீட்டுக்கு வாருங்கள், நடுவில் டீக்கடையில் நண்பர்களுக்குக் காட்ட இறக்க வேண்டாம். கடைக்காரரோடு பேசிய குறுஞ்செய்தியோ ரசீதோ கையில் இருக்கட்டும். விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைக்கவே கூடாது, ஏற்றும் பெட்டியில்தான், அதுவும் விமானக் கம்பெனியிடம் முன்பே கேட்டுவிட்டு. மலைக்குப் பழம் உரிக்க வேண்டுமானால் வீட்டிலேயே உரித்து டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

படம் அனுப்புகிறவர்களுக்கு: கத்தியின் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, இரண்டு பக்கமும், முத்திரையைக் கிட்டத்திலும் எடுத்து அனுப்புங்கள். ஃபிளாஷ் போட்டால் எழுத்து வெள்ளையாகிவிடும், ஜன்னல் வெளிச்சம் போதும்.